ஆடு வழங்குவோர் சிந்தனைக்கு

பாடத்தில் மனஞ் செல்லாத பிள்ளையை நோக்கி நம்மவர் வழங்கும் வசை ஒன்றுண்டு: "நீ ஆடு மேய்க்கத்தான் போகிறாய்." வெள்ளவத்தையின் தனியார் கல்வி நிலையங்களிலும், கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீடுகளிலும் இவ்வசை இன்றும் ஒலிக்கக் கேட்கலாம். ஆடு வளர்த்தல் அறிவு வேண்டாத தொழில், தோற்றவனுக்கு எஞ்சும் தொழில் என்னும் கருத்தே இதன் அடியிற் கிடப்பது. அதே வீடுகளிலிருந்துதான், போரினால் துணையையிழந்த வன்னிப் பெண்ணுக்கு 'வாழ்வாதார உதவி' என்ற பெயரில் ஆடு வாங்கிக் கொடுப்பதற்குப் பணம் சேர்க்கப்படுகிறது. தம் பிள்ளைக்கு இழிவென்று கருதும் தொழிலை மற்றொருத்திக்குத் தருமமாக வழங்குவதில் உள்ள முரண்பாடு நம்மவர் கண்ணிற் படுவதில்லை. அறிவு வேண்டாத தொழில் என்று நினைப்பதனாலேயே, ஆட்டை மட்டும் கொடுத்து அறிவைக் கொடாது திரும்பி விடுகிறோம்.

கலைப்பீடத்தைச் சேர்ந்தவருக்கு ஆட்டுப் பட்டியில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். மடியும் காம்பும் விஞ்ஞானபீடத்தாருக்குரியன என்றால் அதை மறுக்கவில்லை. ஆயின் எந்த ஆட்டை, யாருக்கு, எதற்காக, யாருடைய பணத்தில் வளர்ப்பது என்பன சமூகத்தைச் சார்ந்த வினாக்கள். பேராதனையில் கால்நடை மருத்துவ பீடம் உண்டு. கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவகம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியிலேயே இயங்குகிறது. அறிவு நாட்டில் இல்லை என்று எவரும் கூறவியலாது. அவ்வறிவைத் தேடிச் செல்லும் வழக்கமே கொடையாளரிடத்தில் இல்லை.

இக்கட்டுரையின் வாதம் ஒன்றே. எம்மைப் போன்ற வெப்ப நாட்டிலே கறவையாட்டு வளர்ப்பு நிலைத்து நிற்க வேண்டுமாயின், கடல்கடந்து வரும் வெள்ளை இனமோ, புகைப்படத்துடன் கையளிக்கப்படும் இரண்டு ஆடுகளோ அதற்குப் போதா. தெரிந்தெடுத்த கிடாய், ஒழுங்கான பாற் கணக்கு, வீட்டைச் சூழ்ந்த குழை ஆகிய மூன்றும் வேண்டும். இம்மூன்றும் இல்லாத ஆட்டுத் தானம் ஆட்டிறைச்சி வியாபாரத்துக்கே உதவும்.

முதலில், இந்நாட்டில் ஆட்டுப்பாலைப் பற்றிப் பேச வேண்டிய தேவை என்ன என்பதை நோக்குவோம். இலங்கையின் பாற்றேவையில் அரைப்பங்குக்கும் குறைவானதே உள்ளூரிற் கறக்கப்படுகிறது. எஞ்சியது பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து பால்மாவாக வருகிறது. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் பிறந்த தலைமுறைக்குப் பால் என்பது பொதியில் அடைத்த தூள். 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், இறக்குமதிப் பால்மாவில் இரசாயனக் கலப்பு உண்டென்ற ஐயம் எழுந்து சில வகைகளின் விற்பனை நிறுத்தப்பட்டபோது நாடு சிறிது திடுக்கிட்டது, பின் மறந்தது. 2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி வற்றியபோது மறக்க முடியாத பாடம் கிடைத்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் 400 கிராம் பால்மாப் பொதியின் விலை 790 ரூபாவாக உயர்ந்தது. உணவகங்களிற் பாற்றேநீர் ஒரு கோப்பை 100 ரூபாவாயிற்று. ஏப்பிரல் 12ஆந் திகதி நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. டொலர் இல்லையேல் குழந்தைக்குப் பால் இல்லை என்ற நிலையைத் தங்கிவாழும் பொருளாதாரம் என்று நூல்களிற் படித்தோம். அவ்வாண்டிலே வரிசையில் நின்று அறிந்துகொண்டோம்.

இதற்கு விடை மாடுதானே என்பர். மாடு வேண்டாம் என்பது எம் வாதமன்று. ஆயின் ஒரு பசுவுக்கு வேண்டிய நிலமும் முதலும் இல்லாத குடும்பங்கள் ஏராளம். அத்தகைய குடும்பத்தின் வேலியோரத்தில் இரண்டு ஆடுகள் வாழும். ஆடு ஐந்து மாதத்தில் ஈனும். பெரும்பாலும் இரட்டைக் குட்டி தரும். இடர் வந்தால் ஒன்றை விற்றுப் பள்ளிச் செலவைத் தீர்க்கலாம். அதனை ஒரு பெண் தனியே பிடித்துக் கட்டிக் கறக்கலாம். பசு இறந்தால் குடும்பம் வீழும். ஆடு இறந்தால் மற்றொன்று எஞ்சும்.

இனி, முதலாவது மயக்கத்துக்கு வருவோம். கறவையாடு என்றதும் நம் திட்டகாரர் மனத்திலே தோன்றுவது சானன் என்னும் வெள்ளை ஆடு. சுவிற்சர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்கொன்றின் பெயரால் வழங்கும் இவ்வினம், தன்னிடத்திலே நாளொன்றுக்கு மூன்று லீற்றருக்கு மேலும் தரவல்லது என்பது உண்மை. ஆயின் அப்பாலை ஆடு மட்டும் தருவதில்லை. குளிர்ந்த காற்று, செழித்த புல், தானியத் தீவனம், அருகிலே வைத்தியர் ஆகிய அனைத்தும் சேர்ந்து தருகின்றன. இவற்றை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டை மாத்திரம் கப்பலேற்றுவது, நெல்லை விட்டு வைக்கோலைக் கொணர்வது போலாகும். அதன் வெளிறிய தோல் வெயிலைத் தாங்காது. வெப்பம் மிகுந்தால் அது தீனியைக் குறைக்கும். தீனி குறைந்தால் மடி வற்றும். பின் சினைப்படுவதும் தவறும்.

நோயும் அவ்வாறே. மாட்டின் வயிற்றறையிலே பெருந்தீங்கு செய்யாது வாழும் நூற்புழு ஒன்றுண்டு. அதன் குடம்பியை நுளம்பு காவிவந்து ஆட்டின் உடலிற் செலுத்தினால், அது வழிதவறி முள்ளந்தண்டையும் மூளையையும் அடைகிறது. ஆடு பின்கால்களை இழுத்து விழுகிறது. வயலும் மாடும் நுளம்பும் சூழ்ந்த எம் ஊர்களில் இந்நோய் நன்கு அறியப்பட்டது. அல்ப்ஸ் மலைச் சாரலிற் பயின்ற ஆட்டுக்கு இதற்கான பயிற்சி இல்லை.

இத்தகைய பரிசோதனைக்கு நாம் கொடுத்த விலை பழைய கதையன்று. அவுஸ்திரேலியாவிலிருந்து 20,000 கறவை மாடுகளைத் தருவிக்கும் திட்டமொன்றின் கீழ், 2017ஆம் ஆண்டு தொடக்கம் 5,000 வரையிலான மாடுகள் இந்நாட்டுக்கு வந்தன. வாக்களித்த பால் கிடைக்கவில்லை என்றும், மாடுகள் நோயுற்றும் சினைப்படாதும் போயின என்றும், கடன்பட்டு வாங்கிய பண்ணையாளர் முறையிட்டனர். மாட்டிற் கற்ற பாடத்தை ஆட்டிலே மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டுமோ? பாலை இறக்குமதி செய்த மனப்பான்மையே பால் தரும் விலங்கையும் இறக்குமதி செய்கிறது.

கலப்பினம் எதற்கும் உதவாது என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். இந்தியாவிலே கர்னால் நகரிலுள்ள தேசியப் பாற்பண்ணை ஆராய்ச்சி நிறுவகத்தில், 1970களிலே பஞ்சாபின் பீற்றல் ஆடுகளைச் சானன், அல்பைன் கிடாய்களுடன் கலந்தனர். கலப்பாடுகள் கூடுதலாகப் பால் தந்தன. ஆயின் அவை நிறுவகத்தின் தீவனத்தில் வளர்ந்தவை. பாதி அந்நியக் குருதியுள்ள முதற் தலைமுறை சிறந்து விளங்குவதும், அக்குருதியை மேலும் மேலும் கூட்டும்போது வெப்பத்தையும் நோயையும் தாங்கும் ஆற்றல் குறைவதும், முதற் தலைமுறைக் கலப்பைத் தமக்குள்ளேயே இணைத்தால் அச்சிறப்பு மங்குவதும் இனவிருத்தியின் பால பாடம். முதற் தலைமுறையை மட்டும் காட்டித் திட்டத்துக்குப் பணம் பெறுவோர் மூன்றாந் தலைமுறையைக் காட்டுவதில்லை.

ஓர் ஆடு அதன் குருதி மட்டுமன்று என்பதற்கு ஹவாயித் தீவிலிருந்து ஒரு சான்று தரலாம். நாம் இப்பிலிப்பிலி என்றழைக்கும் மரத்தின் குழையிலே ஒரு நஞ்சு உண்டு. அதனை மிகுதியாக உண்ட அவுஸ்திரேலியக் கால்நடைகள் நலிந்தன. ஹவாயி ஆடுகளோ அதே குழையைத் தின்று நலமாக வாழ்ந்தன. ஹவாயி ஆட்டின் இரைப்பையில் வாழ்ந்த நுண்ணுயிரே அந்நஞ்சை முறித்தது என அவுஸ்திரேலிய விஞ்ஞானி றேமண்ட் ஜோன்சும் அவருடன் பணியாற்றியோரும் 1980களிற் கண்டனர். அந்நுண்ணுயிரைக் கொண்டுசென்று கொடுத்தபோது அவுஸ்திரேலியக் கால்நடைகளும் பிழைத்தன. ஊரோடு பழகிய ஆட்டின் வயிற்றில் ஊரின் அறிவு கிடக்கிறது என்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு விளக்குவது?

நம்மிடம் இருப்பது யாது? உத்தரப் பிரதேசத்து எற்றாவா மாவட்டத்தில், யமுனைக்கும் சம்பலுக்கும் இடைப்பட்ட நிலத்துக்குரிய ஜமுனாபாரி, தொங்கு செவியும் வளைந்த மூக்கும் உடைய உயர்ந்த ஆடு. இறைச்சிக்கும் பாலுக்கும் உரியது. புல்லைவிடக் குழையை விரும்புவது. இலங்கையிலும் அது நெடுங்காலமாக அறியப்பட்டது. புத்தளம் மாவட்டத்து ஊரொன்றின் பெயரைத் தாங்கிய கொட்டுக்கச்சிய இனம், உள்ளூர் ஆட்டையும் ஜமுனாபாரியையும் கலந்து இங்கேயே உருவாக்கப்பட்டது. யாவாத் தீவுக்கு ஒல்லாந்தர் ஆட்சியிற் சென்ற ஜமுனாபாரி, அங்குள்ள சிற்றாட்டுடன் கலந்து 'எற்றாவா வழியாடு' என்ற பெயருடன் இன்று இந்தோனேசியக் குடியானவனின் கறவையாக விளங்குகிறது. ஆங்கிலேயரும் இந்திய ஆடுகளைக் கொண்டுசென்று கலந்தே ஆங்கிலோ நூபியன் என்ற இனத்தைப் பெற்றனர். பிறர் எடுத்துச்சென்று பேணிய செல்வத்தை நாம் தெருவிலே விட்டிருக்கிறோம்.

நாட்டாடு பால் குறைவாகத் தருவதற்குக் காரணம் அதன் இயல்பு மட்டுமன்று. நாம் நடத்தும் தலைகீழ்த் தெரிவும் ஒரு காரணமாகும். ஒரு பட்டியிலே விரைந்து வளர்ந்து கொழுத்த கிடாய்க் குட்டி எது? அதுவே முதலில் இறைச்சிக்கடைக்குப் போகிறது. கோயில் வேள்வி நடக்கும் ஊரிலோ மிகச் சிறந்த கிடாயே வெட்டுக்கு நேர்ந்துவிடப்படுகிறது. வேள்வி தகுமா தகாதா என்பது நீதிமன்றம் வரை சென்ற வழக்கு. அதனுள் நாம் புகவில்லை. நாம் கூறுவது, சிறந்தது சந்ததி விடுமுன் சாகிறது, விலைபோகாத நோஞ்சான் எஞ்சி ஊர் மறிகளுக்கெல்லாம் தந்தையாகிறது என்பதே. மறி என்று யாழ்ப்பாணத்தார் கூறும் பெண்ணாடு ஆண்டொன்றுக்கு இரண்டு மூன்று குட்டிகளுக்கே தாயாகும். கிடாயோ பல பத்துக் குட்டிகளுக்குத் தந்தையாகும். எனவே ஊரின் ஆட்டினம் உயர்வதும் தாழ்வதும் கிடாயின் தெரிவிலேயே பெரிதும் தங்கியுள்ளது. ஆண்டுதோறும் கடைத்தரத்தைத் தந்தையாக்கிவிட்டு, நாட்டாட்டுக்குப் பால் இல்லை என்று பழிப்பது எவ்வகை நியாயம்?

இவ்விடத்திலேதான் நம் கொடையாளரைப் பெயர் சொல்லாது வினவ வேண்டியுள்ளது. 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆடு வழங்காத அமைப்பு அரிது. கொழும்பின் கோயிற் சபைகள், பழைய மாணவர் சங்கங்கள், புலம்பெயர்ந்தோர் அமைப்புகள், பல்கலைக்கழக மாணவர் மன்றங்கள் யாவும் இதில் அடங்கும். நோக்கம் நல்லது. முறையோ பெரும்பாலும் இதுவாக இருக்கிறது: வியாபாரியிடம் மொத்தமாக ஆடு வாங்குதல்; பாரவூர்தியில் ஏற்றுதல்; ஒருத்திக்கு இரண்டாகக் கையளித்தல்; பதாகையின் முன் நின்று படம் எடுத்தல்; மாலையில் கொழும்புக்குத் திரும்புதல். ஆடு மேய்த்தாற் போலவும் அண்ணனுக்குப் பெண் பார்த்தாற் போலவும் என்பார்களே, அவ்வாறு தருமமும் சுற்றுலாவும் ஒரே நாளில் நிறைவேறுகின்றன.

விற்பவன் தன் பட்டியின் நல்ல மறியை விற்பானா? கழிக்க வேண்டியதையே விற்பான். வாங்கிய இரண்டும் மறிகளாயின் கிடாய்க்கு எங்கே விடுவது? ஊரில் இருக்கும் ஒரே கிடாய் அவற்றின் உடன்பிறப்பாகவும் இருக்கலாம். சினைப்படாத ஆடு பால் தராது. பால் தராத ஆடு செலவு. செலவு பொறுக்காதவள் அதனை விற்பாள். விற்றதும், "கொடுத்ததைக் காப்பாற்றத் தெரியாதவர்கள்" என்று கொழும்பிலிருந்து தீர்ப்பு வரும். கிடாயும் இன்றி, கொட்டிலும் இன்றி, குழையும் இன்றி ஆட்டைக் கொடுத்தவர் மீது ஒரு குற்றமும் இல்லையாம்!

செய்ய வேண்டியது செலவு மிகுந்ததுமன்று, புதிதுமன்று. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றைச் சேர்ந்தோரிடம் இருபத்தைந்து முப்பது மறிகள் இருப்பின் அவற்றுக்கு ஒரு கிடாய் போதும். அக்கிடாய் பொதுச்சொத்தாகட்டும், அதனைப் பராமரிப்பவளுக்கு ஒவ்வொரு விடுகைக்கும் சிறு கட்டணம் கிடைக்கட்டும். ஒன்றரை ஆண்டு கழிந்தால் அதன் புதல்விகளே சினைப் பருவம் எய்திவிடும். ஆகவே அதற்குள் அக்கிடாயை அடுத்த ஊருக்கு மாற்றி, அங்குள்ளதை இங்கு கொணர வேண்டும். மற்றைய கிடாய்க் குட்டிகளைக் காலத்தில் விதையடித்துவிட வேண்டும். கென்யாவின் மேரு மலைப்பகுதியில் ஃபாம் ஆபிரிக்கா என்னும் அமைப்பு 1996ஆம் ஆண்டு தொடங்கிய கறவையாட்டுத் திட்டத்தில், இத்தகைய கிடாய் நிலையங்களைக் குடியானவர் குழுக்களே நடத்தின. பின்பு அவர்கள் தம் சொந்த வளர்ப்போர் சங்கத்தையும் அமைத்தனர். அங்கே பயன்பட்டது சுவிற்சர்லாந்தின் ரொகன்பேர்க் இனம் என்பது மெய்யே. ஆயின் மேரு குளிர்ந்த மேட்டுநிலம். அங்கிருந்து வன்னிக்குக் கொண்டுவரத் தக்கது அந்த ஆடன்று, அந்தச் சங்கம்.

அடுத்தது கணக்கு. கிடாய்க்குப் பால் இல்லை. ஆகவே அதன் பாற்குணத்தை அதன் தாயின் பாலையும் உடன்பிறந்த மறிகளின் பாலையும் கொண்டே அறிய முடியும். அந்தப் பால் அளக்கப்படாவிடின் தெரிவு என்பது வெறும் ஊகம். கொம்பின் அழகும் உடலின் பருமனும் பார்த்து ஏமாறுவோம். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், அளவு குவளையிற் கறந்து எழுதினால் போதும். ஈன்ற நாள், தலையீற்றா இரண்டாம் ஈற்றா, எத்தனை குட்டி, எத்தனை பிழைத்தன என்பவற்றை ஓர் அப்பியாசக் கொப்பி தாங்கும். பாடசாலைப் பிள்ளை இதனை எழுதலாம். ஐந்தாண்டுக் கொப்பிகள் சேர்ந்தால், எந்த மறியின் மகனைக் கிடாயாக நிறுத்துவது என்பதற்கு விடை அங்கேயே கிடைக்கும். இதுவே இனவிருத்தி. ஆடு மேய்க்க அறிவு வேண்டாம் என்போர் இக்கொப்பியை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

மூன்றாவது குழை. யாழ்ப்பாணத்துக் கதியால் வேலி வெறும் எல்லையன்று. பூவரசும் முள்முருக்கும் கிளுவையும் வாதநாராயணியும் நின்ற அவ்வேலி ஆட்டின் களஞ்சியம். வேலி போய்ச் சீமெந்து மதில் எழும் ஒவ்வொரு வளவிலும் அக்களஞ்சியம் அழிகிறது. கிளிரிசிடியாவை அரசு 2005ஆம் ஆண்டு நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. அதன் உலர்ந்த இலையில் ஐந்திலொரு பங்குக்குக் குறையாது புரதம் உண்டு. ஆடு வருவதற்கு ஓராண்டு முன்னரே கதியால் நட வேண்டும். தரையிலிருந்து உயர்த்திய பரண் கொட்டில் அமைத்து, குழையைக் கட்டித் தொங்கவிட்டால், ஈரத் தரையிலிருந்து வரும் குடற்புழுவும் குறையும். எருவும் ஓரிடத்திற் சேரும். ஆடு காட்டை அழிக்கும் என்போருக்கும் இதுவே மறுமொழி. அழிப்பது அவிழ்த்துவிட்ட ஆடு. கட்டி வளர்க்கும் ஆடன்று.

நாட்டாடு தரும் அரை லீற்றர்ப் பாலால் என்ன பயன் என்பது இன்னொரு வினா. கணக்குப் பார்ப்போம். 400 கிராம் பால்மாவைக் கரைத்தால் ஏறத்தாழ மூன்று லீற்றர் பால் வரும். குட்டிக்கு விட்டதுபோக அரை லீற்றர் தரும் இரண்டு மறிகள் நாளுக்கு ஒரு லீற்றர் தருகின்றன. அதாவது, அவை கறவையில் நிற்கும் காலமெல்லாம் மூன்று நாளுக்கு ஒரு பொதியை வீட்டுக்குள்ளே தருகின்றன. 2022ஆம் ஆண்டின் விலையைக் கண்டவர் எவரும் இதனை அற்பம் என்னார். ஆட்டுப்பாலை அமுதமாக்கிப் பேசவும் வேண்டியதில்லை. அதன் கொழுப்புத் துளிகள் சிறியன. எனினும் பால்வெல்லம் செமிக்காதவருக்கு அது பசுப்பாலுக்கு மாற்றாகாது. போலிக் அமிலம் குறைவாதலால் கைக்குழந்தைக்குத் தனியுணவாகவும் கொடுத்தலாகாது. நாற்றம் என்று முகஞ்சுளிப்போர், கிடாயைத் தூரக் கட்டித் தூய கலத்திற் கறந்த பாலைப் பருகிப் பின் பேசட்டும்.

இறுதியாக, தலைநகர்த் தமிழர்க்கு ஒரு வார்த்தை. அடுக்குமாடியில் வாழ்வோரை ஆடு வளர்க்குமாறு எவரும் கேட்கவில்லை. அடுத்த தடவை பணம் சேர்க்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: கிடாய் எங்கே? கணக்கு யார் எழுதுவார்? குழை நட்டாயிற்றா? அப்பகுதிக் கால்நடை வைத்திய அதிகாரிக்கு இது தெரியுமா? விடை இல்லையேல் பணத்தைக் கொடாதீர். பத்துப் பேருக்கு இரண்டு ஆடு வீதம் கொடுப்பதை விட, ஓர் ஊருக்கு ஒரு நல்ல கிடாயும் ஐந்தாண்டுத் துணையும் கொடுப்பது மேல். அங்கிருந்து பாலும் தயிரும் விற்பனைக்கு வரும் நாளில், அதனை மருந்தெனச் சிறு போத்தலில் அன்றி, உணவெனத் தவறாது வாங்குவதும் உங்கள் கடன். வாங்குவோர் இல்லாத பாலைக் கறக்க எவரும் காலையில் எழார்.

எம் மாணவர் மன்றங்களுக்கும் இதே கோரிக்கை. ஆடு கொடுத்த நாளின் படம் எம் மலர்களை இதுவரை அலங்கரித்தது போதும். கொடுத்து மூன்றாண்டு கழிந்தபின் எத்தனை ஆடுகள் பட்டியில் நின்றன, எத்தனை லீற்றர் கறந்தன என்னும் கணக்கு இனி அப்பக்கங்களில் வெளிவரட்டும். அக்கணக்கை வெளியிட அஞ்சும் மன்றம் ஆடு கொடுக்கும் தகுதியை இழந்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.